எலிவீட்டு மிஸ்

கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அக்காமார் மிஸ் வருவதைத் தூரத்தில் கண்டதுமே கத்தியைத் தேடுவார்கள். சண்டைக்கல்ல. ஒரு காயை வெட்டிக் காட்டாமல் மிஸ் வாங்க மாட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"பாருங்கோ மிஸ், எப்பிடிப் பளபளப்பாக் கிடக்கெண்டு."

"பளபளப்பை ஆர் கறி வைக்கிறது? ஒண்டை வெட்டுங்கோ பிள்ளை."

வெட்டுவார்கள். உள்ளே புழு இல்லாவிட்டால் வெட்டிய காயையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார். புழு இருந்தால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, அந்தப் புழுவை ஆசையோடு பார்த்து, "இவர் எவ்வளவு சந்தோசமா இருக்கிறார் பாருங்கோ" என்று விற்கிறவரிடமே காட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். பின்னால் கூடையோடு போகிற என் முதுகில்தான் அந்த அக்காமாரின் பார்வை விழும்.

கிளிநொச்சிக்குக் கொஞ்சம் வெளியே இருந்த சின்ன ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மிஸ் விஞ்ஞானி. நான் அவருடைய ஆய்வுகூட உதவியாளன். முள்ளியவளையிலிருந்து வந்து, நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சந்தைக் கூடை தூக்குவது என் நியமனத்தில் இல்லாத வேலை. ஆனால் மோட்டார் சைக்கிள் என்னிடம் இருந்தது. மிஸ்ஸிடம் கூடை மட்டும்தான் இருந்தது.

நியமனத்தில் இருந்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுண்டெலிகளின் விந்தைச் சோதிப்பது. பிறகு அந்த விந்தையும் முட்டையையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்துக் கருவாக்கி, வேறொரு தாய் எலியின் வயிற்றில் வைத்துக் குட்டி எடுப்பது. என் அம்மா இதை அயலட்டையில் சொல்ல வெட்கப்பட்டு, மகனுக்குக் கொம்பியூட்டர் வேலை என்று பரப்பி வைத்திருந்தார். எனக்குக் கலியாணம் பேசித் தர்மபுரத்துக்குப் போனபோது அந்தப் பொய் தாக்குப்பிடிக்கவில்லை. பெண்ணின் தகப்பன் நெல் விவசாயி, சுற்றி வளைக்காத மனிதர்.

"தம்பி என்ன வேலை செய்யிறியள்?"

"எலி ஆராய்ச்சி, மாமா."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்கோ! இந்தக் காலபோக விதைப்பில என்ர வயல் நெல்லில பாதியை அதுகள்தான் திண்டது. என்ன மருந்து கண்டுபிடிச்சிருக்கிறியள்?"

"கொல்லுறதில்லை மாமா. பெருக்கிறது."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மறுநாள் இதை மிஸ்ஸிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பெட்டை என்ன சொன்னது?" என்றார்.

"பெட்டையோட கதைக்கேல்லை மிஸ். படம் பாத்தனான். நல்ல வடிவு."

"படம் வடிவு. சரி. ஆளுக்கு உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியுமோ?"

அன்றைக்கே என்னைக் கொண்டு பெண்ணுக்குத் தொலைபேசி எடுப்பித்தார். தானோ பக்கத்து மேசையில் ஏதோ போத்தலைக் கழுவுகிற பாவனையில் நின்று, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எலிகளுக்குப் பெயர் வைக்கிறது யார் என்பதுதான். இரண்டாவது, பெயர் வைத்த எலியை வெட்டிச் சோதிக்க மனம் வருமா என்பது. மிஸ் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, கையால் எனக்குச் 'சரி' காட்டினார். அந்தப் பெண்ணைத்தான் கட்டினேன். என் மனைவி இன்றைக்கும் மிஸ்ஸுக்கு நன்றி சொல்லுவாள். நான் சில நாட்களில் மட்டும் சொல்லுவேன்.

இந்த 'உள்ளுக்கு என்ன கிடக்கு' என்பதுதான் மிஸ். காலையில் வந்ததும் கேட்பார், மாலையில் போகும்போதும் கேட்பார். புதுச் சுவர்க்கடிகாரம் வாங்கினால் பின்மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சுவருக்குப் போகும். யாராவது அலுவலகத்துக்கு லட்டு கொண்டுவந்தால் அதை இரண்டாகப் பிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, பிறகு வாயில் போடுவார். ஒருநாள் நான் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். மிஸ் ஒரு பார்வை பார்த்து, "சேர்ட் நல்லது. உள்ளுக்குப் பெனியன் கிழிஞ்சிருக்கு" என்றார். அது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

ஆனால் இந்தப் புத்தி அவருடைய வேலைக்குள் வரும்போது எனக்கு மரியாதை வந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் போகிற மாதிரி விந்துகள் வாலை அடித்துக்கொண்டு முண்டியடித்துப் போய்க்கொண்டிருந்தன.

"நல்லா ஓடுது மிஸ். ஒரு குறையும் இல்லை."

"ஓடுது. தபால்காரன் கெதியாச் சைக்கிள் மிதிச்சு வாறான் எண்டு வையும். பையுக்குள்ள கடிதம் கிழிஞ்சு கிடந்தா அவன் கெதியா வந்து என்ன பிரயோசனம்?"

அதே விந்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, அமிலத்தில் ஒருதரமும் வேறு கரைசலில் ஒருதரமும் தோய்த்து, சாயம் ஏற்றி, மறுபடி காட்டினார். இப்போது ஓட்டம் எதுவும் இல்லை. தலைகள் மட்டும் தெரிந்தன. சில தலைகளைச் சுற்றிப் பெரிய வட்டம், சுவாமிப் படங்களில் இருக்கிற ஒளிவட்டம் போல. சில தலைகள் மொட்டையாக இருந்தன.

"வட்டம் நிக்கிறதுக்கு டி.என்.ஏ. முழுசா இருக்கு. அது விரிஞ்சுதான் வட்டமா நிக்குது. மொட்டையா நிக்கிறதுக்கு உள்ளுக்கு எல்லாம் துண்டு துண்டு. முதல்ல ரெண்டும் ஒரே மாதிரித்தான் ஓடினது. நீரும் குறையில்லை எண்டு சொன்னனீர்."

எங்கள் எலிவீட்டைப் பார்த்துக்கொண்ட செல்வம் அண்ணையும் அன்று எட்டிப் பார்த்தார். எலிவீடு என்றால் எலிக் கூடுகள் அடுக்கியிருந்த அறை. நெற்றியில் சந்தனமில்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. கனநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மிஸ், இதுக்குள்ள முருகன் எது?" என்று கேட்டார்.

"வட்டம் பெரிசா உள்ளது" என்றார் மிஸ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மிஸ்ஸின் ஆராய்ச்சி வெக்கையைப் பற்றியது. குளிரறையில் வளர்த்தவற்றோடு ஒப்பிட்டால், தகரக் கூரைக்குக் கீழே வளர்த்த ஆண் எலிகளின் விந்து ஓட்டத்தில் சோடை போகவில்லை. வட்டம்தான் குறைந்தது. "எங்கட ஆம்பிளையள் எத்தினை பேர் வெயிலுக்கையும் மிசின் சூட்டுக்கையும் நாள் முழுக்க நிக்கினம்" என்பார். "பிள்ளை இல்லையெண்டா பொம்பிளையைத்தான் கோயில் கோயிலாக் கொண்டு திரியிறது. ஆம்பிளை ஓடித் திரியிறான்தானே, அவனுக்கு என்ன குறையாம்!" உள்ளே உடைந்த விந்தை, ஆய்வுகூடத்தில் வலிந்து முட்டையோடு சேர்த்துப் பிள்ளை எடுத்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? அதைத்தான் அவர் அறிய விரும்பினார். அதற்கு முதலில், நல்ல விந்தைக் கொண்டாவது கிண்ணத்தில் ஒரு குட்டி எங்களால் உண்டாக்க முடியும் என்று காட்டியாக வேண்டும். அதுவே எங்களுக்கு வாய்க்கவில்லை. கரு வளரும், வயிற்றில் வைப்போம், தாய் எலி தின்று கொழுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குட்டி வராது.

மிஸ் மற்றவர்களை நம்பாதது ஒரு பங்கு என்றால் தன்னை நம்பாதது இரண்டு பங்கு. தகடுகளை அவருக்குக் கொடுக்கும்போது எது வெக்கை எலியுடையது, எது குளிரறை எலியுடையது என்று நான் சொல்லக் கூடாது. அடையாளத்தை மறைத்து, இடம் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைய தகடு முழுவதையும் அவர் ஒதுக்கிவிட்டார்.

"ஏன் மிஸ், நீங்கள் கள்ளம் செய்வியளே?"

"நான் செய்ய மாட்டன். என்ர கண் செய்யும். எது வேணுமெண்டு நினைக்கிறனோ அதைத்தான் அது காணும்."

இப்போது மிஸ் இங்கே இல்லை. கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் இருக்கிறார். அங்கேயும் கத்தரிக்காய் விற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை நினைத்து நான் சிலவேளை சிரித்துக்கொள்வதுண்டு.

அவர் தன்னைப் பற்றிப் பேசுகிறவர் அல்ல. ஒரேயொரு முறை பேசினார். மின்சாரம் போய், மின்பிறப்பாக்கியும் இயங்க மறுத்து, கருக்கள் வைத்திருந்த இன்கியுபேற்றரின் கதவைத் திறக்காமல் நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டு காவல் இருந்த ஒரு பின்னேரம். சண்டையின் கடைசி மாதங்களில் மிஸ்ஸின் குடும்பம் இருந்த பதுங்குகுழிக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்ததாம். அவருடைய அப்பா எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டார். எல்லாருக்கும் காயம் பார்த்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். விடிய எழும்பவில்லை.

"வெளியால ஒரு கீறல் இல்லை, தம்பி. நாங்கள் எல்லாரும் அவருக்கு ஒண்டும் இல்லையெண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு படுத்தனாங்கள்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அதாலதான் மிஸ் நீங்கள் எல்லாத்துக்கும் உள்ளுக்கு..." என்று தொடங்கினேன்.

"சும்மா இரும்" என்றார். "ரெண்டு விசயம் பக்கத்தில பக்கத்தில கிடந்தா, ஒண்டாலதான் மற்றது வந்ததெண்டு ஆகாது. நீர் ஒரு ஆய்வுகூடத்தில வேலை செய்யிறனீர்." அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. மிஸ் எழும்பி வெப்பமானியைப் பார்க்கப் போனார்.

எங்கள் பணிப்பாளர் மிஸ்ஸுக்கு நேர் எதிர். நல்ல மனிதர், ஆனால் வெளிப்பக்கத்தில் உயிரையே வைத்திருந்தார். யாராவது பார்வையிட வந்தால் சுவருக்கு வெள்ளை அடிப்பார், வாடகைக்குப் பூச்சாடி எடுத்து வாசலில் வரிசையாக வைப்பார். அவர்தான் ஒருநாள் பூச்சாடி முகத்தோடு எங்கள் அறைக்கு வந்து சொன்னார்: கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு தீபாவளி கழிய வருகிறது. அதற்குள் கிண்ணத்தில் உண்டான ஒரு குட்டியாவது இல்லையென்றால் எலிவீட்டை மூடி, அந்த இடத்தைக் கணினி அறையாக்குவார்கள். மிஸ் தலையாட்டினார். முட்டை எடுக்கத் தேவையான ஓமோன் மருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. பிழைத்தால் மிஸ்ஸின் இத்தனை வருட வேலையும் அந்த அறையோடு போய்விடும்.

மருந்து ஏற்றியாயிற்று. முட்டை எடுக்க வேண்டிய நாள் எது என்று கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நிலையத்தின் வாணி விழா நாள். சரசுவதி பூசையன்று கருவிகளைத் தொடக் கூடாது. சுவாமிக்கு முன்னால் வைக்க வேண்டும். பணிப்பாளர் நுணுக்குக்காட்டியைக் கேட்டு ஆள் அனுப்பினார். மிஸ் கொடுக்கவில்லை. பணிப்பாளரே நேரில் வந்தார்.

"ஒரு நாள்தானே மிஸ். நாளைக்குச் செய்யுங்கோவன்."

"முட்டைக்கு லீவு தெரியாது சேர். அலுமாரிக்குள்ள பழைய நுணுக்குக்காட்டி ஒண்டு கிடக்கு, அதை வையுங்கோ. வேலை செய்யாது, ஆனா வெளியால நல்ல வடிவு."

பணிப்பாளர் அதைத் துடைத்துக் கொண்டுபோனார். வடிவாகத்தான் இருந்தது.

கறுப்பு எலி ஒன்றின் முட்டையையும் இன்னொரு கறுப்பு எலியின் விந்தையும் அன்று காலை கிண்ணத்தில் சேர்த்தோம். சுமக்கப் போவது வெள்ளைத் தாய். இந்த நிற ஏற்பாடு மிஸ் தனக்குத்தானே வைத்த காவல். கறுப்புக் குட்டி பிறந்தால் அது கிண்ணத்துக் குட்டி, வெள்ளை பிறந்தால் எங்கேயோ களவு. பிறகு யாரும், மிஸ் உட்பட, வாதாட முடியாது.

வெள்ளைத் தாய்க்கு இன்னொரு ஆயத்தம் இருக்கிறது. தான் சினைப்பட்டுவிட்டதாக அதன் உடம்பு நம்ப வேண்டும். அதற்கு ஓர் ஆணோடு சேர வேண்டும், ஆனால் அந்த ஆணிடமிருந்து விந்து வரக் கூடாது. ஆகவே விந்துக் குழாயை வெட்டிக் கட்டிய ஒரு வெள்ளை ஆண் எலி எங்களிடம் இருந்தது. எலிவீட்டில் அதற்குச் 'சும்மா மாப்பிள்ளை' என்று பெயர். பக்கத்துக் கூடுகளில் குழாய் வெட்டாத வெள்ளை மாப்பிள்ளைமார் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம். கூட்டில் ஒட்டிய இலக்கம்தான் அவர்களுக்குள் வித்தியாசம்.

பூசை தொடங்கியது. சாம்பிராணித் தட்டோடு பணிப்பாளர் அறை அறையாக வந்தார். மிஸ் தன் அறைக் கதவின் இடுக்கில் ஈரத் துவாயை அடைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றார். புகை கருவுக்கு ஆகாது. அந்த அறைக்குள் நான் சவர்க்கார வாசத்தோடு வந்தாலே திருப்பி அனுப்புகிறவர் அவர்.

"சரசுவதியைக் கதவுக்கு வெளியால நிப்பாட்டுறியளே மிஸ்!"

"அவா வரட்டும் சேர். புகைதான் வரக் கூடாது."

பணிப்பாளர் கதவுக்கு மூன்று முறை சாம்பிராணி காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்குப் பெரிய வெற்றி. அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டு, எல்லா ஆபத்தையும் கதவிலேயே மறித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அதே நேரம் எலிவீட்டில் செல்வம் அண்ணை தன் பூசையைச் செய்துகொண்டிருந்தார். ஆயுதம் என்றால் அவருக்குக் கூடுகள்தானே? எலிகளைத் தற்காலிகப் பெட்டிகளுக்கு மாற்றி, கூடுகளை எல்லாம் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கூட்டில் பொட்டு வைக்கத் தோதான வெள்ளை இடம் ஒன்றுதான் இருந்தது. இலக்கம் எழுதிய இடம். தாராளமாக வைத்தார். பின்னேரம் எலிகளைத் திரும்ப விட்டபோது அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அல்லது இருந்ததாக அவர் நினைத்தார். பிறகு மாப்பிள்ளையை எடுத்து வெள்ளைத் தாயோடு விட்டார்.

மறுநாள் காலை, சேர்ந்ததற்கான அடையாளம் தாயிடம் இருந்தது. மிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்துக் கருக்களை அதன் கருக்குழாயில் வைத்தார். நாளாக நாளாக வயிறு பெருத்தது. பணிப்பாளர் தினமும் வந்து பார்த்தார். சொந்த மகளுடைய வயிற்றைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பூச்சாடிகளுக்குச் சொல்லிவிட்டார்.

குழு வருகிற அன்று காலை தாய் எலி குட்டி போட்டது. செல்வம் அண்ணை ஓடிவந்து சொன்னார். நாங்கள் போவதற்குள் பணிப்பாளர் ஒரு பெட்டி லட்டோடு நின்றார்.

"வாழ்த்துக்கள் மிஸ்! வன்னியில முதல் கிண்ணத்துப் பிள்ளையள்!"

"பொறுங்கோ சேர்."

பிறந்த எலிக்குட்டி எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. நிறம் தோலில் தெரிய நாள் எடுக்கும். ஆனால் கறுப்பு இனமாக இருந்தால் மூடிய இமைக்குக் கீழே கண் கருமையாகத் தெரியும். வெள்ளை இனத்துக்கு அங்கே ஒன்றும் தெரியாது. மிஸ் உருப்பெருக்கியை எடுத்தார். முதல் குட்டியைப் பார்த்தார்.

"இது எங்கட இல்லை."

அடுத்ததை எடுத்தார். "இதுவும் இல்லை."

லட்டுப் பெட்டி மெல்லக் கீழே இறங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, பக்கத்தில் வைத்தார். இல்லை. இல்லை. அவருடைய குரல் மாறவில்லை. அந்த மனுசி கணினி அறைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற காட்சி எனக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. கடைசியாகத் தாயின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருந்ததை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார்.

"நான் என்ன கண்டனான் எண்டு சொல்ல மாட்டன். நீர் பாத்துச் சொல்லும்."

பார்த்தேன். இமைக்குக் கீழே, கடுகை விடச் சின்னதாய், கருமையாய் ஒரு கண்.

"கறுப்பு, மிஸ்."

மிஸ் எலித்தீன் மூட்டையின் மேல் அப்படியே இருந்துவிட்டார்.

மற்றவை எப்படி வெள்ளையாயின என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. செல்வம் அண்ணை அன்று மாப்பிள்ளையை எடுத்த கூட்டில் சந்தனம் இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அவரே அதை நகத்தால் சுரண்டினார். இலக்கம் வந்தது. அது சும்மா மாப்பிள்ளையின் கூடு அல்ல.

"நான்தான் மிஸ்..." என்றார் அவர். அழுகிற நிலைமை.

"சந்தனம் வையுங்கோ அண்ணை, ஆர் வேண்டாமெண்டது? நம்பருக்குப் பக்கத்தில வைச்சா சரசுவதி கோவிப்பாவே!"

பணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு மிஸ்ஸுக்குக் கிட்ட வந்தார். "மிஸ், எல்லாம் எங்கட எண்டே சொல்லுவம். ஒண்டு எங்கடதானே? அவை வந்து எலியின்ர இமைக்குக் கீழயா பாக்கப் போகினம்?"

"அவை பாக்காட்டி என்ன சேர், நான் பாத்திட்டனே."

குழு வந்தது. தலைவி கண்டிப் பக்கத்து வயதான பேராசிரியை. அளந்து அளந்துதான் பேசினார். மிஸ் சந்தனத்திலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். குட்டிகளைக் காட்டி, "இவ்வளவும் எங்கள் பிழை. இந்த ஒன்றுதான் எங்கள் வேலை" என்றார். செல்வம் அண்ணைக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் தன் பிழையைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கி, சுவரோடு சுவராக நின்றார். பணிப்பாளர் பூச்சாடிகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவில் ஒருவர் சுள்ளென்று கேட்டார், கூட்டையே மாற்றிவிடுகிற ஆய்வுகூடம் காட்டுகிற ஒரு குட்டியை எப்படி நம்புவதென்று.

"நம்ப வேண்டாம்" என்றார் மிஸ். "வால் நுனியில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். உங்கள் இடத்திலேயே டி.என்.ஏ.யைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பேராசிரியை உருப்பெருக்கியை வாங்கி எல்லாக் குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. நாங்கள் எல்லாரும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து, ஆண் எலிகளுக்குக் காதில் அடையாளம் வெட்டாமல் இனி ஒரு வேலையும் செய்யக் கூடாது என்றார். பிறகு, வால் நுனியின் முடிவு சரியாக வந்தால் எலிவீட்டுக்கு இன்னொரு வருடம் என்றார். பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பி, அந்த லட்டு யாருக்கு என்று கேட்டார்.

வாகனம் போன கையோடு நான் சின்னக் கத்தரிக்கோலையும் குழாயையும் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டு எலிவீட்டுக்கு வந்தேன். மிஸ் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். கறுப்புக் கண் குட்டி தாயின் முலையைக் கண்டுபிடித்து, மற்றக் குட்டிகளை மிதித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது. வெளியே செல்வம் அண்ணை யாருக்கோ தொலைபேசியில், சரசுவதிதான் காப்பாற்றினா என்று சொல்வது கேட்டது.

"வாலை வெட்டுவமோ மிஸ்?"

"நாளைக்கு வெட்டுவம். இண்டைக்குக் குடிக்கட்டும்."

இந்த மனுசியின் வாயிலிருந்து 'நாளைக்கு' என்ற சொல்லை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. துணிவு வந்து கேட்டேன்.

"அப்ப நம்புறியளோ மிஸ்?"

"நம்பேல்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஆனா சந்தோசமாக் கிடக்கு, தம்பி."